கோச் எந்தக் கார்னரில் நிற்பார்?

எங்களுடையது எம்எம்ஏ ஜிம், அதாவது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டைக்கானது. அது ஒரு ஆட்டோ ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி ஏறும்போதே கீழே இருந்து கிரீஸ் வாசனையும் மேலே இருந்து வியர்வை வாசனையும் வந்து பாதிப் படியில் கலக்கும். ஏழு வருடம் அந்தப் படியில் ஏறியிருக்கிறேன். நான் போட்டிக்குப் போனவன் இல்லை. வேலை முடிந்து வாரத்தில் நான்கு நாள் போவேன், கிராப்பிளிங் என்ற பிடிச்சண்டை செய்வேன், போட்டிக்குத் தயாராகிற பையன்கள் குத்தவும் உதைக்கவும் பேட் பிடிப்பேன். போட்டி நாளில் வாளி, ஸ்டூல், ஐஸ், வாசலின் எல்லாம் என் பொறுப்பு. அதனால் ரவுண்டுகளுக்கு நடுவில் கோச் வீரனோடு நிற்கிற கார்னரில் என்ன பேசுவார்கள், எதைப் பேசாமல் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவரைப் பெரியவர் என்போம், இன்னொருவனைச் சின்னவன் என்போம். பெயர்கள் வேண்டாம். பெரியவருக்கு அப்போது 29 வயது. ஜிம் தொடங்கிய முதல் வாரமே வந்து சேர்ந்தவர். அந்த மேட்டை விரித்து ஓரம் வெட்டி ஒட்டியதே அவரும் கோச்சும்தான். சின்னவன் வந்தபோது அவனுக்கு 20. கையில் ராப், அதாவது கிளவுஸுக்குள் சுற்றும் துணிப்பட்டி, சுற்றக்கூடத் தெரியாது. பெரியவர்தான் அவனை உட்காரவைத்து, மணிக்கட்டில் மூன்று சுற்று, கட்டைவிரலில் ஒன்று, அப்புறம் விரலிடுக்கில் விட்டு எடு என்று பொறுமையாகக் கற்றுக்கொடுத்தார். இரண்டு பேரும் ஒரே எடை, 65.8 கிலோ. அதனால் தினமும் இவர்கள் இருவருக்கும்தான் ஸ்பாரிங், பயிற்சிச் சண்டை.

பெங்களூரில் ஒரு அமெச்சூர் போட்டி நடந்தது. யார் யாரோடு மோதுவது என்ற டிரா பட்டியலில் இருவரும் எதிரெதிர்ப் பக்கத்தில் இருந்தார்கள். ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். மத்தியானம் மூன்று மணிக்குப் பார்த்தால் ஃபைனலில் இவரும் அவனும்.

கோச் பெரியவரைப் பாத்ரூம் பக்கத்து நடைக்குக் கூப்பிட்டார். நான் ஐஸ் பையோடு இரண்டு அடி பின்னால் நின்றிருந்தேன்.

"நீ விட்டுக்குடுத்துடு. அவனுக்கு வயசு இருக்கு, மேல போகணும். தோள்பட்டை வலின்னு டாக்டர்கிட்ட சொல்லிடு."

அவ்வளவுதான். பெரியவர் கோச்சின் முகத்தைப் பார்க்கவில்லை, தன் கையைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்னால் நான் சுற்றிவிட்ட ராப் அப்படியே இருந்தது. முனையைப் பல்லால் கடித்து இழுத்து அவிழ்க்க ஆரம்பித்தார். மணிக்கட்டிலிருந்து ஒவ்வொரு சுற்றாகக் கழற்றி, வழக்கம்போல ஒழுங்காக உருட்டி என் கையில் கொடுத்தார். "சரி கோச்" என்றார். போய்விட்டார்.

அதற்கப்புறம் இரண்டு மாதம் ஜிம்முக்கு வந்தார். பிறகு வரவில்லை. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை. காரணம் தெரிந்த மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான். நானும் வாயைத் திறக்கவில்லை. அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அன்றிலிருந்து எந்தச் சண்டையைப் பார்த்தாலும் என் கண் முதலில் கார்னருக்குத்தான் போகிறது. ஸ்டூலுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள், யார் நிற்க வேண்டிய இடத்தில் இல்லை என்று பார்க்கிறேன்.

2012 ஏப்ரல் 21, அட்லாண்டாவில் நடந்த யுஎஃப்சி 145-ஐ, அதாவது யுஎஃப்சி என்ற அமெரிக்க எம்எம்ஏ நிறுவனம் நடத்திய நிகழ்ச்சியை, நான் பலமுறை திரும்பிப் பார்த்தது அதனால்தான். ஜான் ஜோன்ஸுக்கும் ரஷாத் ஈவன்ஸுக்கும் லைட் ஹெவிவெயிட் பட்டத்துக்கான சண்டை. ஐந்து ரவுண்டு போனது, நடுவர்கள் ஒருமனதாக ஜோன்ஸுக்குக் கொடுத்தார்கள். சண்டை அவ்வளவு விறுவிறுப்பானதாகக்கூட இல்லை. ஆனால் ஜோன்ஸின் ஸ்டூலுக்குப் பக்கத்தில் குனிந்து பேசிய மனிதர் கிரெக் ஜாக்சன். எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருந்த ஈவன்ஸுக்கும் பல வருடம் அதே மனிதர்தான் கோச்.

நியூ மெக்சிகோ மாநிலத்தில் அல்புகர்க்கி என்ற பாலைவன ஊரில் ஜாக்சன் தன் ஜிம்மை வளர்த்தார். கிக் பாக்ஸிங் பக்கத்தை மைக் விங்கிள்ஜான் பார்த்துக்கொண்டார். 2005-இல் டிவி போட்டித் தொடர் ஒன்றை ஜெயித்து யுஎஃப்சிக்குள் வந்த ஈவன்ஸ், அந்த ஜிம்மின் மூத்த பிள்ளைகளில் ஒருவர். 2008 கடைசியில் ஃபாரஸ்ட் கிரிஃபினை வீழ்த்திப் பட்டம் வாங்கினார். அதே எடையில் அதே ஜிம்மில் கீத் ஜார்டின் என்பவரும் இருந்தார். நாங்கள் இருவரும் ஒருவரோடு ஒருவர் மோதமாட்டோம் என்று இருவருமே வெளிப்படையாகச் சொன்னார்கள். யுஎஃப்சி தலைவர் டேனா வைட்டுக்கு அது பிடிக்கவே இல்லை. இது தனிமனித விளையாட்டு, அணி விளையாட்டு இல்லை என்பது அவர் கட்சி. ஆனால் அந்த ஜிம்முக்குள் அது எழுதாத சட்டம்.

அப்புறம் ஜோன்ஸ் வந்தார். இருபத்திரண்டு வயது இருக்கும். நீளமான கை, பயமில்லாத ஆட்டம், ஈவன்ஸின் அதே எடை. ஜோன்ஸைச் சேர்த்துக்கொள்வதில் தனக்கு முழு மனது இருக்கவில்லை என்று ஈவன்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் ஒத்துக்கொண்டார். ஒன்றாகப் பயிற்சி செய்தார்கள். அண்ணன் தம்பி போல என்று பேட்டிகளில் பேச்சு வந்தது.

2011 மார்ச்சில் அப்போதைய சாம்பியன் ஷோகுன் ரூவாவோடு பட்டத்துக்கு மோத வேண்டியவர் ஈவன்ஸ். பயிற்சியில் அவருடைய முழங்கால் போனது. பிப்ரவரி 5 அன்று ரையன் பேடரை ஜெயித்த கையோடு, சண்டை நடக்கும் கேஜுக்குள்ளேயே, மைக் முன்னால் வைத்து ஜோன்ஸிடம் சொன்னார்கள்: ஈவன்ஸ் விலகிவிட்டார், அந்த இடம் உனக்கு. ஜோன்ஸ் சந்தோஷத்தில் திணறினார். யார்தான் வேண்டாம் என்பார்கள்? அண்ணனுக்குக் கால் போனது, தம்பிக்கு வாய்ப்பு வந்தது. அதுவரை யார் மேலும் குற்றம் இல்லை. பிறகு ஒரு டிவி பேட்டியில், டேனா கேட்டால் ரஷாத்தோடு மோதுவீர்களா என்று கேட்டபோது, கேட்டால் மோதுவேன் என்கிற மாதிரி ஜோன்ஸ் பதில் சொன்னார். எழுதாத சட்டம் அந்த ஒரு பதிலோடு போனது. மார்ச் 19 அன்று, 23 வயதில், யுஎஃப்சியின் மிக இளைய சாம்பியன் ஆனார் ஜோன்ஸ். ஈவன்ஸ் அல்புகர்க்கியை விட்டு ஃபுளோரிடாவுக்குப் போனார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ஈவன்ஸா ஜோன்ஸா, யார் துரோகி என்றுதான் வாதாடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வம் இல்லை. எனக்கு நடுவில் நின்ற ஆளைப் பற்றித்தான் கேள்வி. இருவரும் மோதினால் நான் யார் பக்கமும் நிற்கமாட்டேன் என்பதுதான் ஜாக்சன் முதலில் எடுத்த நிலை. ஈவன்ஸ் ஜிம்மை விட்டுப் போன பிறகு, அவர் இப்போது நம் ஆள் இல்லையே, ஜோன்ஸ்தானே இங்கே இருக்கிறார் என்று ஆகிவிட்டது. நியாயம் மாதிரி தெரியும். ஆனால் ஈவன்ஸ் ஏன் போனார்? வீட்டில் தன் இடம் போய்விட்டது என்று நினைத்து வெளியேறியவரிடம், நீ வெளியேறிவிட்டாய், அதனால் இடம் இல்லை என்று சொல்வது எந்தக் கணக்கு? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. ஜாக்சன் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, தன் பிள்ளைகள் மேல் பாசம் உள்ளவர் என்றுதான் அவரிடம் பயிற்சி எடுத்தவர்கள் சொல்கிறார்கள். ஜோன்ஸ் அந்த ஜிம் வாசலில் வந்து நின்ற அன்றே, ஈவன்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நாளைக்கு நீங்கள் இருவரும் மோத வேண்டி வந்தால் நான் என்ன செய்வேன் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பேச்சு கசப்பாக இருந்திருக்கும். ஜோன்ஸ் வேறு ஜிம்முக்குப் போயிருக்கலாம். ஈவன்ஸே போயிருக்கலாம். ஆனால் யாரும் ஏமாந்திருக்கமாட்டார்கள்.

இந்தச் சிக்கல் ஏன் எம்எம்ஏவில் மட்டும் இவ்வளவு கூர்மையாக வருகிறது? பாக்ஸிங்கில் ஒரு நல்ல டிரெய்னரும் காசு கொடுத்துக் கூப்பிடும் ஸ்பாரிங் ஆட்களும் போதும். எம்எம்ஏவில் அது முடியாது. மல்யுத்தக்காரன் வேண்டும், தரையில் உருண்டு கை காலைப் பூட்டும் ஜியு-ஜிட்சு தெரிந்தவன் வேண்டும், தாய்லாந்து பாக்ஸிங் உதை கொடுப்பவன் வேண்டும், அத்தனை பேரும் உன் எடையில் வேண்டும். எழுபது கிலோக்காரன் நூறு கிலோக்காரனோடு உருண்டு சண்டை கற்க முடியாது, விலா எலும்பு போகும். ஆகவே உன்னைத் தயார்செய்கிறவன் உன் எடைக்காரன். உன் பட்டத்துக்குப் போட்டியும் அதே ஆள்தான். ஒரு எடைக்கு ஒரு பெல்ட். ஆண்களுக்கு யுஎஃப்சியில் எட்டே எடைப் பிரிவு. ஒரு ஜிம் நன்றாக வளர்ந்தால், ஒரு நாள் இரண்டு பிள்ளைகள் ஒரே பெல்ட்டுக்கு முன்னால் வந்து நிற்கத்தான் செய்வார்கள்.

அதோடு ரகசியம் வேறு. தினமும் உன்னோடு உருள்கிறவனுக்கு உன் உடம்பு மனப்பாடம். எந்தக் குத்துக்கு முன்னால் தோள் இறங்குகிறது, எந்த முட்டியில் பழைய காயம், மூன்றாவது ரவுண்டில் எப்போது மூச்சு போகிறது, எல்லாம் தெரியும். இதையெல்லாம் அவனிடம் காட்டாமல் பயிற்சியே செய்ய முடியாது. குடும்பம் என்ற பேச்சு ஜிம்முக்குள் அவ்வளவு வேகமாக ஒட்டிக்கொள்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். இவ்வளவு ஒப்படைத்த பிறகு, அவன் வெறும் சக ஊழியன் என்று நினைத்துவிட்டால் ராத்திரி தூக்கம் வராது.

விட்டுக்கொடுத்து வாழ்ந்தவர்களும் உண்டு. கலிஃபோர்னியா சான் ஹோசேயில் இருக்கும் அமெரிக்கன் கிக்பாக்ஸிங் அகாடமியில் ஜான் ஃபிட்ச், ஜாஷ் காஸ்செக் என்று வெல்டர்வெயிட் என்ற ஒரே எடைப் பிரிவில் இரண்டு வீரர்கள். இருவரும் கடைசிவரை ஒருவரோடு ஒருவர் மோதவே இல்லை. அதே ஜிம்மில் அப்புறம் டேனியல் கார்மியர் செய்ததை நான் மறக்கமாட்டேன். அவர் ஹெவிவெயிட். அவர் பயிற்சித் தோழர் கெய்ன் வெலாஸ்கெஸ் ஹெவிவெயிட் சாம்பியன். கெய்ன் இருக்கும்வரை அந்தப் பெல்ட்டை நான் தொடமாட்டேன் என்று, கார்மியர் 2014-இல் 205 பவுண்டுக்கு, அதாவது 93 கிலோவுக்கு, எடையைக் குறைத்துக்கொண்டு கீழே வந்தார்.

அது சும்மா ஒரு எண் இல்லை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கார்மியர் அமெரிக்க மல்யுத்த அணியின் கேப்டன். 96 கிலோவுக்கு எடை குறைக்கப்போய் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரியில் படுத்தார், ஒரு போட்டிகூட ஆடாமல் ஊர் திரும்பினார். எடை குறைப்பு தன்னை என்ன செய்யும் என்று தெரிந்த மனிதர், நண்பனுக்காக அதற்கும் கீழே போனார். 2015-இல் அந்த எடையில் சாம்பியனும் ஆனார். காயங்களால் கெய்ன் கேஜுக்கு வராமல் போன பிறகுதான், 2018 ஜூலையில் ஸ்டீபே மியோசிச்சை வீழ்த்தி ஹெவிவெயிட் பெல்ட்டையும் எடுத்தார். எனக்கு இது பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. ஒரு நட்பைக் காப்பாற்ற ஒருவர் தன் சிறுநீரகத்தைப் பணயம் வைக்க வேண்டிய அமைப்பில் என்னவோ சரியில்லை.

துரோகி என்ற வார்த்தை இந்த உலகத்துக்குப் புதிது இல்லை. ஜியு-ஜிட்சுவில் ஜிம் மாறுகிறவனை 'கிரியோன்ட்சி' என்பார்கள். பிரேசில் டிவி தொடர் ஒன்றில் வந்த கதாபாத்திரத்தின் பெயர் அது. தன்னை விட்டுப் போகிறவர்களுக்கு அந்தப் பெயரை வைத்தவர் ரியோவின் பெரிய ஆசான் கார்ல்சன் கிரேசி. அவருக்கே பிறகு என்ன நடந்தது பாருங்கள். 2000 வாக்கில் முரிலோ புஸ்டமான்டே, மாரியோ ஸ்பெரி, ரிக்கார்டோ லிபோரியோ உள்ளிட்ட அவருடைய தலைசிறந்த சீடர்கள் பிரிந்துபோய் பிரேசிலியன் டாப் டீம் என்று தனி அணி கண்டார்கள். ஆசான் அமெரிக்காவில், சீடர்கள் ரியோவில். தூரமும் காசும் சேர்ந்து பிரித்துவிட்டது. கொஞ்ச காலத்தில் லிபோரியோ அதிலிருந்தும் பிரிந்து ஃபுளோரிடாவில் டான் லாம்பர்ட்டோடு அமெரிக்கன் டாப் டீமைத் தொடங்கினார். துரோகம் என்று ஒரு தலைமுறை சொன்னதிலிருந்து உலகின் மிகப் பெரிய ஜிம்களில் ஒன்று பிறந்தது.

அந்த அமெரிக்கன் டாப் டீமில்தான் பின்னாளில் ஒரே வீட்டில் தங்கி ஒன்றாகச் சாப்பிட்ட கோல்பி கவிங்டனும் ஹோர்ஹே மாஸ்விடாலும் பரம எதிரிகள் ஆனார்கள். சக வீரர்களைப் பொதுவெளியில் திட்டக்கூடாது என்று லாம்பர்ட் ஒரு விதியே போட வேண்டி வந்தது. 2020-இல் கவிங்டன் வெளியேறினார். 2022 மார்ச்சில் இருவரும் மோதினார்கள், கவிங்டன் புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். அந்தச் சண்டையைப் பற்றி எழுத எனக்கு இதற்கு மேல் மனம் வரவில்லை.

வடசென்னை பாக்ஸிங்கில் சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று பரம்பரைகள் இருந்ததை ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஜிம் என்று சொல்லாமல் பரம்பரை என்று சொன்னார்கள் என்பதையே நான் அடிக்கடி யோசிப்பேன். பரம்பரை என்று சொல்லிவிட்டால் அப்புறம் மாறிப்போக முடியாது. ரத்தத்தை மாற்ற முடியுமா? எங்கள் ஜிம்மில் டீ ஷர்ட்டின் முதுகில் 'குடும்பம்' என்றுதான் அச்சடித்திருந்தது.

சாக்ரமென்டோவில் யுரைஜா ஃபேபர் நடத்திய டீம் ஆல்ஃபா மேல் கதையும் குடும்பக் கதைதான். அங்கே ஒரே உயரம், ஒரே உடம்புவாகு, பெரும்பாலும் மல்யுத்தத்திலிருந்து வந்த பையன்கள். 2012 கடைசியில் டுவேன் லட்விக் தலைமைக் கோச்சாக வந்த பிறகு அணி வேறு தரத்துக்குப் போனது. ஃபேபரை இரண்டு முறை தோற்கடித்த ரெனான் பராவோவை, 2014 மே மாதம் ஃபேபரின் தம்பி போல இருந்த டி.ஜே. டில்லஷா வீழ்த்தி சாம்பியன் ஆனார். குருவின் கணக்கைச் சீடன் தீர்த்தான் என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அதே ஆண்டில் லட்விக்குக்கும் ஃபேபருக்கும் ஒத்துவராமல் லட்விக் கொலராடோ போய்விட்டார். இப்போது டில்லஷா எங்கே நிற்பார்? தன்னைக் கூட்டிவந்து வளர்த்த ஃபேபர் ஒரு பக்கம். தன்னைச் சாம்பியனாகச் செதுக்கிய லட்விக் இன்னொரு பக்கம். 2015 அக்டோபரில் கொலராடோவின் டென்வருக்குப் போனார். அவராகப் போனார் என்றது ஃபேபர் தரப்பு. போகச் சொன்னார்கள் என்றார் டில்லஷா. இரண்டும் ஒரே உரையாடலைப் பற்றித்தான்.

ஊர் முழுக்க அவரைப் பாம்பு என்றது. அந்தப் பட்டப்பெயரை முதலில் கொடுத்தது வெளியாளான ஐரிஷ் வீரர் கானர் மெக்ரெகர், அதுவும் டில்லஷா கிளம்புவதற்கு முன்பே. அதைப் பிடித்துக்கொண்டார்கள் பழைய தோழர்கள். ஆல்ஃபா மேலின் அடுத்த சாம்பியன் கோடி கார்ப்ரான்ட், 2017 நவம்பரில் டில்லஷாவோடு மோதுவதற்கு முன்னால், பழைய ஸ்பாரிங் ஒன்றில் டில்லஷாவைத் தான் விழவைத்த வீடியோவை எடுத்து வெளியே போட்டார். நான் இந்தக் கதையில் யாரையும் மன்னிப்பேன், இதை மட்டும் மன்னிக்கமாட்டேன். மேட்டில் நடந்தது மேட்டோடு போக வேண்டும். நாளைக்கு வீடியோ வரும் என்று தெரிந்தால் எவன் தன் பலவீனத்தோடு ஸ்பாரிங்குக்கு வருவான்? நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் முதல் ரவுண்டு முடிகிற நேரத்தில் கார்ப்ரான்ட் நிஜமாகவே டில்லஷாவை விழவைத்தார். மணி காப்பாற்றியது. இரண்டாவது ரவுண்டில் டில்லஷா எழுந்துவந்து நாக் அவுட் செய்தார். அடுத்த ஆண்டு மறுபடி மோதினார்கள், அப்போதும் டில்லஷாதான். 2019-இல் ஊக்கமருந்துச் சோதனையில் டில்லஷா சிக்கி இரண்டு வருடம் தடை வாங்கினார். அது வேறு கதை.

இதில் நான் கவனிப்பது ஒன்று. ஜிம்மை விட்டுப் போன வீரன் பாம்பு. கோச் போனால்? அவருக்கு ஒரு பெயரும் இல்லை, நல்ல வாய்ப்பு கிடைத்தது என்பார்கள். சரி, வீரனைக் கோச் விட்டுவிட்டால்? அதற்கு நம்மிடம் வார்த்தையே இல்லை.

டொனால்ட் செரோனி அதை வாழ்ந்து பார்த்தார். அல்புகர்க்கியில் ஜாக்சன், விங்கிள்ஜானிடம் பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். 2018 நவம்பர் 10, டென்வரில் அவருக்கும் மைக் பெர்ரிக்கும் சண்டை என்று முடிவானது. பெர்ரி அந்த ஜிம்முக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஜாக்சன் ஒதுங்கிக்கொண்டார். விங்கிள்ஜான் பெர்ரியின் கார்னரில் நிற்பதாக முடிவெடுத்தார். செரோனி பிரபலமான ஒரு பாட்காஸ்டில் உட்கார்ந்து அத்தனையையும் கொட்டினார். செரோனி பெரும்பாலும் தன் பண்ணையிலேயே பயிற்சி செய்கிறார், பெர்ரி தினமும் ஜிம்முக்கு வந்து உழைக்கிறார் என்பது விங்கிள்ஜான் பக்கத்து நியாயம்.

அவர் நியாயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். 2009-இல் ஒருவருக்குப் பேட் பிடித்துக்கொண்டிருந்தபோது உதை தவறி, கால் விரல் பட்டு விங்கிள்ஜானின் ஒரு கண் பார்வை போனது. பிள்ளைகளுக்காகக் கண்ணையே கொடுத்த மனிதரிடம் விசுவாசத்தைப் பற்றிப் பாடம் எடுக்க நான் யார்? பேட் பிடிக்கிறவனுக்குத்தான் தெரியும் அது என்ன வேலை என்று. எனக்கு இடது மணிக்கட்டு இன்றைக்கும் மழைக்காலத்தில் வலிக்கும். காசும் உண்டு இதில். கோச்சுக்கு வீரனின் சண்டைச் சம்பளத்தில் பத்து சதவீதம் மாதிரி கொடுப்பது வழக்கம். யுஎஃப்சிக்குப் புதிதாக வருகிறவனுக்கு அப்போதெல்லாம் வந்து நிற்க 10,000, 12,000 டாலர், ஜெயித்தால் இன்னொரு அதே அளவு. அதில் பத்து சதவீதம், வருடத்துக்கு இரண்டு மூன்று சண்டை. வாடகைக்கே காணாது. ஒரு சாம்பியன் இருந்தால்தான் ஜிம் நிற்கும். இளையவன் பக்கம், வளர்கிறவன் பக்கம் கோச்சின் கால் தானாகப் போவதற்குப் பாசம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் கோச்சும் மூன்று மாத வாடகை பாக்கி வைத்திருந்தார் அப்போது.

செரோனி அன்று முதல் ரவுண்டிலேயே கையைப் பூட்டும் ஆர்ம்பார் பிடியில், தோல்வியை ஒத்துக்கொண்டு பெர்ரியைத் தட்டவைத்தார். யுஎஃப்சியில் அதிக வெற்றி, 21, என்ற சாதனை அவர் பெயருக்கு வந்தது. கைக்குழந்தை மகனைக் கேஜுக்குள் தூக்கிவைத்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் பெரியவரை நினைத்துக்கொள்வேன். செரோனிக்கு மோதிப் பார்க்கவாவது விட்டார்கள்.

எங்கள் ஊர் போட்டி மாதிரியே ஒரு டிரா ஜப்பானில் 2005-இல் நடந்தது. பிரைட் என்ற ஜப்பானிய எம்எம்ஏ நிறுவனத்தின் மிடில்வெயிட் கிராண்ட் பிரீ, ஒரே ராத்திரியில் அரையிறுதியும் ஃபைனலும். பிரேசிலின் குரிச்சிபா ஊர் சூட்டி பாக்ஸி அணியிலிருந்து வாண்டர்லே சில்வாவும் அவர் தம்பி மாதிரியான ஷோகுனும் வெவ்வேறு அரையிறுதியில். இருவரும் ஜெயித்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே வரவில்லை. சில்வாவை பிரேசிலியன் டாப் டீமின் ரிக்கார்டோ அரோனா தோற்கடித்துவிட்டார், ஷோகுன் ஃபைனலில் அரோனாவை நாக் அவுட் செய்து அண்ணனின் கணக்கை முடித்தார். அந்தக் கோச்சுகளை அன்றைக்கு அரோனா காப்பாற்றினார். பெங்களூரில் எங்கள் கோச்சைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை.

மோதியே தீர வேண்டும் என்றால் மோதலாம் என்றும் சிலர் காட்டியிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் பல வருடம் ஒன்றாகப் பயிற்சி செய்த கமாரு உஸ்மானும் கில்பர்ட் பர்ன்ஸும் 2021 பிப்ரவரியில் பட்டத்துக்கு மோதினார்கள். உஸ்மான் முன்கூட்டியே கொலராடோவுக்கு, ட்ரெவர் விட்மனிடம் பயிற்சிக்குப் போய்விட்டார். யாரும் யாரையும் பாம்பு என்று சொல்லவில்லை. முதல் ரவுண்டில் பர்ன்ஸ் உஸ்மானைத் தடுமாறவைத்தார், மூன்றாவதில் உஸ்மான் முடித்தார். தோற்ற பர்ன்ஸ் அழுதுகொண்டிருக்க, உஸ்மான் போய் அவரைக் கட்டிக்கொண்டார். முகம் வீங்கிய இரண்டு பேர் அப்படி நிற்பதைப் பார்த்தபோது, பெரியவருக்கும் சின்னவனுக்கும் இது கிடைத்திருக்கலாமே என்று எனக்குத் தொண்டை அடைத்தது.

போன வருடம் பெரியவரைப் பார்க்கப் போனேன். இப்போது ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் சாயங்காலம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். மேட் கிடையாது, தார்ப்பாய்தான். நான் போனபோது எட்டு வயதுப் பெண் ஒருத்திக்கு ராப் சுற்றிக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் மூன்று, கட்டைவிரலில் ஒன்று.

பெங்களூர் நடையில் நான் நின்றிருந்ததைப் பற்றிச் சொன்னேன். அன்றைக்குப் பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் கையை எடுக்காமல், "ஐஸ் உருகி உங்க பேன்ட் எல்லாம் நனைஞ்சுது, ஞாபகம் இருக்கு" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் டீ குடித்தோம்.

கிளம்பும்போது, சின்னவனுக்கு அடுத்த மாதம் சண்டை இருக்கிறது என்று சொன்னேன்.

"தெரியும், பார்த்தேன். இன்னும் வலது கிக் போட்டதும் இடது கையைக் கீழ விடறானா?"

ஆமாம் என்றேன்.

கொஞ்ச நேரம் தார்ப்பாயின் ஓரத்தைக் காலால் சரிசெய்தார்.

"அவன்கிட்ட சொல்லுங்க. எதிராளி பார்க்கறதுக்குள்ள சொல்லிடுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்ல வேண்டாம்."